கொஞ்சம் குறைத்து வையுங்கள்

தீர்ப்புச் சொல்லத் துடிக்கிறவர்கள் முதலில் கதையைக் காது கொடுத்துக் கேளுங்கள்.

தஞ்சாவூரில் தணிகைவேல் என்றொரு பாத்திர வியாபாரி. அவன் மனைவி இளவேனி வெகுநாளாகச் சுவரைப் பார்த்துப் படுத்தே கிடந்தாள். குளியல் இல்லை, சமையல் இல்லை. மாத்திரை எதுவும் எடுபடவில்லை. மனச்சோர்வு நோய்க்குக் காந்த சிகிச்சை இருக்கிறது என்றார் டாக்டர் ஆக்னஸ். தலையில் ஒரு காந்தச் சுருளை வைத்து, சோர்ந்த மூளையை வெளியிலிருந்தே தட்டி எழுப்புவார்கள். கத்தி வேண்டாம், மயக்க மருந்து வேண்டாம். ஆனால் சில வாரங்கள் விடாமல் வர வேண்டும். தணிகைவேல் கடையை அடைத்துவிட்டு நாள் தவறாமல் கூட்டி வந்தான். அதை மறுக்க முடியாது.

சிகிச்சை பாதியில் இருக்கும்போதே இளவேனி எழுந்தாள். தலை வாரினாள், சமைத்தாள். அவனுக்குத் தலைகால் புரியவில்லை. பிறகு அவள் பேசவும் ஆரம்பித்தாள். கல்யாணத்தோடு அவன் நிறுத்திய டீச்சர் வேலைக்கு மறுபடி போகப் போவதாகச் சொன்னாள். இனி கைநீட்டினால் அக்கா வீட்டுக்குப் போய்விடுவேன் என்றும் சொன்னாள்.

அவன் டாக்டரிடம் ஓடினான்.

“கொஞ்சம் கொறைச்சு வைங்க டாக்டர். சமைக்கிற அளவுக்கு இருந்தாப் போதும்.”

மின்விசிறி ரெகுலேட்டர் என்று நினைத்துவிட்டான் மனுஷன். ஆக்னஸுக்கு ஆத்திரம் பொங்கியது. ஆனால் மறுத்தால் நாளைக்குக் கூட்டி வரமாட்டான். பாதியில் நின்றால் அவள் மறுபடி படுத்துவிடக்கூடும். ஆகவே குறைத்துவிட்டதாகப் பொய் சொல்லிவிட்டு, சிகிச்சையைக் குறைக்காமலே நடத்தினார்.

இனி உன் வாய் அடங்கும் என்று தணிகைவேல் அன்றே வீட்டில் பெருமையடித்துக்கொண்டான். மறுநாள் தலையில் சுருளின் தட்டல் கொஞ்சமும் குறையாததைக் கண்டதும் இளவேனிக்கு விஷயம் புரிந்தது. தான் வாயைத் திறந்தால் டாக்டரின் பொய் வெளுத்துவிடும், சிகிச்சை நின்றுவிடும். நாளுக்கு நாள் தெளிந்துகொண்டே வந்தவள், மந்தமானவள் போல நடித்தாள். அவன் அறைந்தபோதும் பேசவில்லை. சிகிச்சை முடிந்த அன்று ஆஸ்பத்திரியிலிருந்தே அக்கா வீட்டுக்கு பஸ் ஏறினாள். போனில் அவனிடம் சொன்னது இவ்வளவுதான்:

“சமைக்க ஆள் பாத்துக்கங்க. நான் வரலை.”

கூட்டிப்போய்க் குணமாக்கியவன் நான், ஏமாற்றியவள் டாக்டர் என்று அவன் இன்றும் புலம்புகிறான். கூட்டி வந்தவன், பொய் சொன்னவர், நடித்தவள். இந்த மூவரில் யார் செய்தது சரி?

விடை: டாக்டர் என்பீர்கள். நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் அவர் சொன்ன பொய்க்கு அடி வாங்கியது யார்? அவளைத் தனியே கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்க அவருக்கும் தோன்றவில்லை. சரியாகச் செய்தவள் இளவேனி மட்டுமே. குணமானதை மறைத்தால்தான் குணமாக முடியும் என்ற கதிக்கு ஒருத்தியைத் தள்ளிவிட்டு, மற்ற இருவரும் என்னத்தைச் சரியாகச் செய்துவிட்டார்கள்?