நாலு தடவை நிமிர்த்திய குழல்

“மதினி, குழல் கோணிப் போச்சு!”

பட்டறைக்குள் கால் வைப்பதற்கு முன்பே பலவேசம் கத்தினான். தோளில் துப்பாக்கி. முழங்கால் வரை குளத்துச் சேறு.

வெயிலாச்சி ஒரு விசைக்கு அரம் போட்டுக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்கவில்லை.

“எந்தப் பக்கம்?”

“வலப்பக்கம். கிளுவை வாத்துக்கு நேராத்தான் பிடிச்சேன். ரவையெல்லாம் வலப்பக்கமா ரெண்டு முழம் தள்ளிப் போய்த் தண்ணியில விழுந்துட்டு.”

“குழலுக்குள்ள நூல் விட்டுப் பாத்தீரா?”

“பாத்தேன். நேரா இருக்குன்னு காட்டுது. நூல் பொய் சொல்லுது மதினி.”

வெயிலாச்சி இப்போதுதான் நிமிர்ந்தாள். அவனை ஒரு முறை பார்த்தாள். பக்கத்தில் கிடந்த மரச் சுத்தியலை எடுத்து நீட்டினாள்.

“அப்ப நூலைத் தூரப் போடும். குழலை நிமிர்த்தும்.”

பலவேசத்துக்கு நாற்பத்தேழு வயது. வெயிலாச்சி அவனைவிட இரண்டு வயது இளையவள். ஆனால் செத்துப்போன அண்ணனின் மனைவி, அதனால் மதினி. மலையடிவாரத்து ஏழு ஊருக்கும் துப்பாக்கி செய்து கொடுப்பவள், அதனால் குரு.

அவள் அப்பன் அவளுக்குக் கற்றுக்கொடுத்த தொழில் அது. பலவேசம் வேறு ஊரில் கலப்பைக்குக் கொழு அடித்துக்கொண்டிருந்தான். மூன்று வருஷத்துக்கு முன் ஒரு நாள் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு, நேராக இங்கே நடந்து வந்தான்.

“மதினி, எனக்கும் துப்பாக்கி செய்யச் சொல்லித் தாங்க.”

“வாரும் கொழுந்தனாரே. முதல்ல துருத்தியை ஊதும்.”

அவ்வளவுதான் பேச்சு.

ஊதினான். பட்டை இரும்பைப் பழுக்கக் காய்ச்சிக் கம்பியில் சுற்றினான். அடித்து அடித்து ஒட்டினான். ஒட்டாமல் பிளந்தது. மறுபடியும் காய்ச்சினான். நாற்பது நாள் உட்கார்ந்து துளை கடைந்தான். துளை மறுமுனைக்கு வந்து, குழல் வழியே மலை தெரிந்த அன்று அவனைப் பிடிக்க ஆளில்லை. தெருவில் போகிறவர்களையெல்லாம் கையைப் பிடித்து இழுத்து வந்து பார்க்க வைத்தான். மோர் விற்கப் போன ஒருத்தி பானையை இறக்காமலே ஒரு கண்ணை மூடிப் பார்த்துவிட்டு, “மலை தெரியுது, அதுக்கு என்ன?” என்று கேட்டாள்.

“மலை தெரியுது பாத்தியா!” என்றான் பலவேசம்.

எல்லாம் ஆயிற்று. வாகைக் கட்டையில் குழல் உட்கார்ந்தது. சக்கிமுக்கிக் கல்லை வாயில் கவ்விய இரும்புக் குதிரை, விசையைத் தொட்டதும் சாய்ந்து எஃகுத் தகட்டில் உரசியது. பார்க்க அத்தனை அழகு.

ஆனால் குழலில் முத்திரை விழவில்லை.

அந்தப் பட்டறையில் ஒரு வழக்கம் உண்டு. துப்பாக்கி செய்தவனே அதைக் கொண்டு பறக்கிற பறவை ஒன்றை வீழ்த்த வேண்டும். அப்போதுதான் முத்திரை. முத்திரை வாங்காதவன் தனியாக உலை மூட்டக் கூடாது.

கிளுவை வாத்துகள் மார்கழியில் ஊர்க் குளத்துக்கு வரும். பங்குனி வெயில் ஏறினால் போய்விடும். முதல் வருஷம் அவன் செய்த துப்பாக்கி பொறியே தரவில்லை. அடுத்த வருஷத்துத் துப்பாக்கி எதையும் தொடவில்லை. இது மூன்றாவது.

தாய்வீட்டில் இருந்த அவன் மனைவி பிரமு சொல்லி அனுப்பியிருந்தாள்: “இந்தப் பங்குனிக்குள்ள சொந்த உலை மூட்டலைன்னா, பேசாம வந்து கொழு அடியுங்க.”

அவனும் சரி என்று சொல்லி அனுப்பிவிட்டான்.

மாசி முடிய எட்டு நாள் இருந்தது.

பலவேசம் குழலைக் கழற்றி மரக்கட்டைப் பள்ளத்தில் வைத்து இடப்பக்கமாக ஒரு தட்டுத் தட்டினான். ஓடினான்.

மத்தியானம் திரும்பி வந்தான்.

“இப்ப இடப்பக்கம் போகுது மதினி.”

“அப்ப வலப்பக்கம் தட்டும்.”

தட்டினான். ஓடினான்.

மறுநாள் வந்தான்.

“மறுபடியும் வலம்!”

“இடம் தட்டும்.”

மூன்றாம் நாள் வந்தபோது வாசலிலேயே உட்கார்ந்துவிட்டான்.

“இடமா?” என்று உள்ளிருந்து கேட்டாள் வெயிலாச்சி.

“இடம்.”

“சுத்தியல் அங்கனதான் கிடக்கு.”

தட்டினான். இந்தத் தடவை ஓடவில்லை. நடந்து போனான். நடந்தே திரும்பினான். வந்தவன் துருத்தியை ஊதி, உலையை நெருப்பாக்கினான்.

“என்ன செய்யப் போறீரு?”

“இதை உலையில போடப் போறேன். இது குழல் இல்ல மதினி, பாம்பு. நான் ஒரு பக்கம் பிடிச்சா அது ஒரு பக்கம் திரும்புது. குளத்துல இன்னும் ஒரே ஒரு கூட்டந்தான் நிக்கு. அதுவும் இன்னைக்கோ நாளைக்கோ போயிரும். நான் கொழு அடிக்கப் போறேன்.”

வெயிலாச்சி அரத்தைக் கீழே வைத்தாள். முந்தானையை இழுத்துச் செருகினாள்.

“போடுறதுதான் போடுதீரு. ஒரு தடவை எனக்குச் சுட்டுக் காட்டிட்டுப் போடும்.”

குளத்துக் கரையில் வெயில் சுள்ளென்று இருந்தது. நடுத் தண்ணீரில் கிளுவைகள் முப்பது நாற்பது மிதந்தன.

வெயிலாச்சி அவனுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து துப்பாக்கியில் என்னவோ செய்தாள். எழுந்து வந்து கொடுத்தாள்.

“கரையில அந்த ஒத்தைப் பனை நிக்கில்லா, அதைச் சுடும்.”

“பனையையா? சின்னப் பிள்ளை மாதிரி...”

“பிடியும் சொல்லுதேன்.”

பிடித்தான். அவள் மடியிலிருந்து ஒரு புளியங்கொட்டையை எடுத்துக் குழலின் நுனியில், மேல்பக்கம், அலுங்காமல் வைத்தாள்.

“இது விழாமச் சுடணும்.”

பலவேசம் சிரித்துவிட்டான். “வெடிச்சா இது எங்க நிக்கும்? சிங்கப்பட்டியிலதான் போய் விழும்!”

“வெடிச்ச பிறகு எங்கயும் போகட்டும். வெடிக்கறதுக்கு முன்னால விழக் கூடாது.”

மூச்சை அடக்கினான். விசையை இழுத்தான்.

டக்.

வெடிக்கவில்லை.

ஆனால் குழலின் நுனி, தவிடு கொத்தும் கோழி மாதிரி முன்னால் குனிந்து ஒரு பக்கமாக வெட்டியது. புளியங்கொட்டை எங்கேயோ தெறித்தது.

“மருந்து நமத்துப் போச்சு மதினி,” என்றான்.

“பாரும்.”

பார்த்தான். மருந்துக் கிண்ணி துடைத்து வைத்த மாதிரி இருந்தது. குழலில் வாயை வைத்து ஊதினான். குழலிலிருந்து கிண்ணிக்குத் திறக்கும் காதுத்துளை வழியே காற்று விசிலடித்துக்கொண்டு வெளியே வந்தது. உள்ளே ஒன்றும் இல்லை. குதிரையின் வாயைப் பார்த்தான். கல் இருக்க வேண்டிய இடத்தில், கரி பூசிய ஒரு மரச் செதில்.

“கொழுந்தனாரே,” என்றாள் வெயிலாச்சி, “மருந்தும் இல்ல, கல்லும் இல்ல. துப்பாக்கி என்னத்துக்குக் குதிச்சுது?”

பலவேசம் துப்பாக்கியைப் பார்த்தான். தன் கைகளைப் பார்த்தான்.

“மதினி!”

“என்ன?”

“குழல் கோணலே இல்ல! என் கைதான் வெட்டுது!”

“அப்படியா?”

“ஐயோ, நான் நாலு தடவை தட்டிட்டேனே! நல்ல குழலை நானே கெடுத்துட்டேனே!” என்று தலையில் அடித்துக்கொண்டவன், மடியிலிருந்த நூலை உருவினான். குழலுக்குள் விட்டு இழுத்துப் பிடித்து, ஒற்றைக் கண்ணால் பார்த்தான். திருப்பிப் பார்த்தான். மறுமுனையிலிருந்து பார்த்தான்.

நூலுக்கும் இரும்புக்கும் நடுவே மயிரிழை வெளிச்சம் இல்லை.

“நேரா இருக்கே! யாரு நிமிர்த்துனது?”

“ரெண்டு தடவை இடம் தட்டுனீரு. ரெண்டு தடவை வலம் தட்டுனீரு. நல்ல உழைப்புதான்.”

பலவேசத்துக்குச் சிரிப்பு வந்தது. அடக்க அடக்க வந்தது. கரையிலேயே உட்கார்ந்து கண்ணில் நீர் வரச் சிரித்தான்.

பிறகு எழுந்தான். மரச் செதிலை இன்னும் இறுக்கிக் கட்டினான். தரையில் தேடிப் புளியங்கொட்டையை எடுத்தான்.

“வையுங்க மதினி.”

டக். விழுந்தது.

“வையுங்க.”

டக். விழுந்தது.

“முகத்தை என்னத்துக்கு இப்படிச் சுளிக்கீரு? வேப்பெண்ணெய் குடிச்ச மாதிரி.”

“நானா?”

“பின்ன, குளத்துல நிக்கிற எருமையா?”

டக். டக். டக். வெயில் உச்சிக்கு வந்தது. வெயிலாச்சி பனை நிழலில் போய் உட்கார்ந்துகொண்டாள். அவன் தானே கொட்டையை வைத்தான், தானே சுட்டான், தானே குனிந்து பொறுக்கினான். கொட்டையோடு பேசினான். அதைத் திட்டினான். அதனிடம் கெஞ்சினான்.

டக்.

கொட்டை நின்றது.

பலவேசம் அசையவில்லை. கொட்டையும் அசையவில்லை.

“மதினி,” என்றான், மிக மெதுவாக. “இங்க பாருங்க.”

“தெரியுது.”

“நிக்கு மதினி!”

“இன்னும் கொஞ்சம் சத்தமாச் சொல்லும், கிளுவையெல்லாம் கேட்டுட்டுப் போகட்டும்.”

அவன் கையால் வாயைப் பொத்திக்கொண்டான். மறுபடியும் சுட்டான். நின்றது. மறுபடியும். நின்றது.

வெயிலாச்சி எழுந்து வந்து துப்பாக்கியை வாங்கிக்கொண்டாள். முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். இந்தத் தடவை வெகு நேரம் ஆனது. அல்லது அவனுக்கு அப்படித் தோன்றியது.

“குனிஞ்சு பாக்கக் கூடாது,” என்று சொல்லித் துப்பாக்கியைக் கொடுத்தாள்.

“இப்ப உள்ள மருந்தா, சும்மாவா?”

“தெரிஞ்சு என்ன செய்யப் போறீரு?”

அவன் பதில் சொல்வதற்குள் தண்ணீர் கலைந்தது. பருந்து ஒன்று குளத்துக்கு மேலே தாழ்ந்து வந்தது. கிளுவைகள் அத்தனையும் ஒரே வீச்சில் எழுந்தன. ஒரு வட்டம் அடித்தன. வடக்கே திரும்பின. அது இறங்கப் போகிற கூட்டம் இல்லை. ஊருக்குப் போகிற கூட்டம்.

பலவேசம் துப்பாக்கியைத் தோளில் பதித்தான். கடைசிக் கிளுவை பறந்த பக்கமே குழலும் கூடவே நகர்ந்தது. விரல் மடங்கியது.

குதிரை சாய்ந்தது.

கல் எஃகைச் சீவியது. மத்தாப்பைப் போலப் பொறி கொட்டியது. அதில் ஒரே ஒரு பொறி உருண்டு கிண்ணிக்குள் விழுந்தது. அங்கே வெள்ளையாக ஒரு பூ எழுந்து நின்றது. அதன் காம்பு காதுத்துளைக்குள் இழுபட்டுப் போனது.

அப்புறம்தான் தோளில் இடி.

“மதினி!”

புகைக்குள்ளிருந்து பலவேசம் வெளியே வந்தான். புருவம் பொசுங்கியிருந்தது.

“மதினி, நான் தீயைப் பாத்தேன்! கிண்ணியில பூ மாதிரி எந்திரிச்சு நிக்கு மதினி! வெள்ளைப் பூ! ரெண்டு வருஷமா இந்தக் கன்னத்துக்குப் பக்கத்துலயே எரிஞ்சிருக்கு, கண்ணை இறுக்கி மூடிக்கிட்டு ஒரு தடவைகூட நான் பாத்ததில்ல! முதல்ல பொறி வருது, அதுல எல்லாம் அணைஞ்சிரும், ஒண்ணே ஒண்ணு மட்டும்... மதினி, கேக்கீங்களா?”

வெயிலாச்சி அங்கே இல்லை. இடுப்பளவுத் தண்ணீரில் போய்க்கொண்டிருந்தாள்.

அவன் கரையோரமாகவே நடந்துகொண்டு சத்தமாகச் சொன்னான். “அந்த ஒண்ணு உருண்டு உள்ள போகுது மதினி! அது விழுந்த பிறகு கொஞ்ச நேரம் ஒண்ணுமே நடக்கல! எவ்வளவு நேரம் தெரியுமா? ஒரு வெத்தலை போட்டிரலாம்! நான் சும்மா பாத்துக்கிட்டே நிக்கேன்!”

அவள் கரையேறினாள். சேலையிலிருந்து தண்ணீர் கொட்டியது. கையில், கால்களைப் பிடித்துத் தலைகீழாக, ஒரு கிளுவை.

அவனுக்கு நேராக நீட்டினாள்.

“அதை எங்கயாவது வையுங்க மதினி,” என்றான் பலவேசம். “மருந்துப் பை எங்க?”