மின்னாத கடிகாரம்

பாளையங்கோட்டையில், ஒரு மருந்துக்கடையின் மாடியில், ஒரு குருவும் ஒரு சிஷ்யரும் இருந்தார்கள். குரு ஜெசிந்தாவுக்கு முப்பத்தொரு வயது. சிஷ்யர் தில்லைநாயகம் ஐம்பதைத் தாண்டியவர், வங்கி வேலையை விட்டுவிட்டு புரோகிராம் எழுதக் கற்றுக்கொள்ள வந்தவர். அவர் அவளை மேடம் என்பார், அவள் அவரை அண்ணாச்சி என்பாள். இதில் இருவருக்கும் ஒரு சங்கடமும் இல்லை. பார்க்கிறவர்களுக்குத்தான் இருந்தது.

ஜெசிந்தாவிடம் ஒரு கெட்ட பழக்கம் உண்டு. கேள்வி கேட்டால் பதில் சொல்ல மாட்டாள். வேலை கொடுத்துவிடுவாள்.

கல்லூரிகள் கணினியில் தேர்வு நடத்துவதற்கான மென்பொருள் செய்வதுதான் அவர்கள் தொழில். கடைசிப் பத்து நிமிடம் வந்ததும் திரையின் மூலையில் இருக்கும் கடிகாரம் சிவப்பாகி, பளிச் பளிச்சென்று மின்னும். தில்லைநாயகம் தனியாக எழுதி முடித்த முதல் வேலை அது. பேரன் பிறந்த மாதிரி, வருகிறவர் போகிறவரிடமெல்லாம் காட்டிக்கொண்டிருந்தார்.

ஒரு நாள் போன் வந்தது. எடுத்தவர் அவர்தான்.

"சார், நான் இசக்கிலட்சுமி. பி.காம் படிக்கேன். உங்க கடிகாரம் கடைசியில பளிச்சு பளிச்சுன்னு அடிக்குதுல்லா, அதப் பாத்தா எனக்கு ஃபிட்ஸ் வந்துரும். டாக்டர் அந்த மாதிரி வெளிச்சத்தப் பாக்கவே கூடாதுன்னுட்டாரு."

"அப்ப போன பரீட்சையில என்னம்மா செஞ்ச?"

"கண்ண மூடிட்டு உக்காந்திருந்தேன். பெயிலாயிட்டேன்."

"அங்க நின்ன சார்கிட்ட சொல்லலையா?"

"சொன்னேன். கண்ணத் தொறந்து எழுதுன்னாரு."

மறுதேர்வு அடுத்த வாரம். அதிலும் போனால் படித்தது போதும் என்று வீட்டில் சொல்லிவிட்டார்களாம். சொல்லும்போது அந்தப் பெண் அழவில்லை. அதுதான் தில்லைநாயகத்தை என்னவோ செய்தது. ஆனாலும் போனை வைத்ததும் குருவிடம் கேட்டார்.

"பாவமாத்தான் இருக்கு மேடம். ஆனா ஒரு பிள்ளைக்காக எல்லார் கடிகாரத்தையும் மாத்த முடியுமா?"

"அவளுக்கு என்ன செய்யலாம்னு பாருங்க அண்ணாச்சி."

சாயங்காலத்துக்குள் செய்துவிட்டார். கடிகாரத்துக்குக் கீழே சின்னதாக ஒரு பட்டன். அதன்மேல் 'மின்னுவதை நிறுத்து' என்று எழுதியிருந்தது.

"வேண்டாங்கிறவங்க நிறுத்திக்கலாம். மத்தவங்களுக்குப் பழையபடி. எப்படி மேடம்?"

ஜெசிந்தா நன்றாக இருக்கிறது என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. ஒரு மாதிரித் தேர்வைத் திறந்து, அவரை அதன்முன் உட்கார வைத்தாள்.

"இப்ப நீங்கதான் இசக்கிலட்சுமி. மின்ன ஆரம்பிச்சதும் கண்ண மூடிரணும். தொறந்தா ஃபிட்ஸ் வந்துரும்."

"சரி மேடம்."

கடிகாரம் மின்னத் தொடங்கியது. அவர் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார்.

"பட்டன அமுக்குங்க."

தில்லைநாயகம் மவுஸை நகர்த்தினார். "இன்னும் மேலயா மேடம்?"

"நான் பரீட்சை ஹால்ல இல்லையே அண்ணாச்சி."

குத்துமதிப்பாக ஓரிடத்தில் அமுக்கினார். சந்தேகத்துக்கு இன்னொரு தரமும் அமுக்கினார்.

"இப்ப தொறங்க."

கடிகாரம் இல்லை. கேள்விகளும் இல்லை. 'உங்கள் தேர்வு நிறைவடைந்தது. நன்றி' என்று மட்டும் திரையில் இருந்தது.

அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். குத்துமதிப்பில் அவர் அமுக்கியிருந்தது பக்கத்தில் இருந்த 'தேர்வை முடி' பட்டனை. ஜெசிந்தா டீ குடிக்கக் கீழே போய்விட்டாள்.

மறுநாள் காலையில் கடிகாரம் மின்னவே இல்லை. யாருக்கும் மின்னவில்லை. பத்து நிமிடம் இருக்கும்போது எண்கள் கொஞ்சம் பெரிதாயின. கீழே 'இன்னும் பத்து நிமிடம்' என்று ஒரு வரி வந்து அசையாமல் நின்றது. எந்தப் பட்டனையும் தேட வேண்டாம், யாரிடமும் போய்ச் சொல்லவும் வேண்டாம்.

கல்லூரியின் தேர்வு அதிகாரிக்கு இது பிடிக்கவில்லை. போனிலேயே சத்தம் போட்டார்.

"என்ன வே இது, செத்துக் கிடக்கு? பளிச்சு பளிச்சுன்னு அடிச்சாத்தான பிள்ளைக பயந்து எழுதும்?"

தில்லைநாயகம் வங்கியில் இருந்த காலம் முழுக்க மேலதிகாரிகளை எதிர்த்து ஒரு சொல் பேசியதில்லை. அன்றைக்குப் பேசினார்.

"பயமுறுத்தித்தான் ஆகணும்னா நீங்க ஹால்ல ஒரு பிரம்போட நில்லுங்க சார். கடிகாரம் மணியச் சொல்லட்டும். அதுக்கு அது போதும்."

"என்னமோ செய்யும் வே" என்று அதிகாரி போனை வைத்துவிட்டார். பக்கத்து நாற்காலியில் இருந்த ஜெசிந்தா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

தேர்வு நாளில் தில்லைநாயகத்துக்கு அலுவலகத்தில் இருப்புக் கொள்ளவில்லை. கணினி ஏதாவது மக்கர் பண்ணினால் உதவுவதற்கு என்று ஒரு சாக்குச் சொல்லி, கல்லூரிக்குப் போய் ஹாலின் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்றார். கடைசிப் பத்து நிமிடம் வந்தது. இசக்கிலட்சுமி யார் என்று அவருக்குத் தெரியாது. வரிசை வரிசையாகப் பார்த்தார். கண்ணை மூடிக்கொண்டு ஒருவரும் இல்லை.

பத்து நாள் கழித்துப் போன் வந்தது.

"சார்! பாஸாயிட்டேன் சார்! எழுபத்தெட்டு!"

தில்லைநாயகம் போட்ட சத்தத்தில், யாருக்கு என்ன ஆச்சோ என்று மருந்துக்கடைக்காரர் மாடியேறி வந்துவிட்டார். அவரையே கட்டிப்பிடித்துக்கொண்டார் சிஷ்யர். கடைக்காரருக்கு ஒன்றும் புரியவில்லை, ஆனாலும் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டுப் போனார்.

ஆர்ப்பாட்டமெல்லாம் அடங்கியபின், அந்தத் தேர்வில் யார் யார் எதுவரை எழுதினார்கள் என்று தில்லைநாயகம் கணினியில் பார்த்தார். போன தேர்வில் இதே பிள்ளைகளில் பாதிப் பேர் கடைசிப் பக்கத்தைத் தொடவே இல்லை. இந்தமுறை எல்லோரும் எழுதியிருந்தார்கள். அவருக்கு நம்ப முடியவில்லை. இன்னொரு தரம் பார்த்துவிட்டுக் குருவிடம் வந்தார்.

"மேடம், அந்த ஒரு பிள்ளைக்காகத்தான மாத்துனோம்? மத்த பிள்ளைகளுக்குக் கடிகாரம் மின்னுனதால ஒரு கஷ்டமும் இல்லையே, அதுக எப்படி..."

ஜெசிந்தா தலையைத் தூக்கி அவரைப் பார்த்தாள்.

"போன் பண்ணுனது அவ ஒருத்திதான் அண்ணாச்சி."