கோவில்பட்டி தாண்டாத கிராஃபிக்ஸ் கார்டு

கிராஃபிக்ஸ் கார்டு வாங்குகிறவர் அதன் வேகத்தையும் மெமரியையும் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்றொரு தவறான நம்பிக்கை படித்தவர்கள் நடுவிலேயே வேரூன்றிக் கிடக்கிறது. வருத்தத்தோடு இதைத் திருத்த வேண்டியிருக்கிறது. திருநெல்வேலி ஜங்ஷனில் ஒரு கார்டைப் பற்றி அறிந்துகொள்ள வேண்டிய விவரம் ஒன்றே ஒன்றுதான்: அது வருகிற பஸ் எந்த ஊரைத் தாண்டியிருக்கிறது? மற்ற விவரமெல்லாம் அட்டைப்பெட்டியிலேயே அச்சடித்திருக்கும்.

பேச்சிமுத்துவின் கம்ப்யூட்டர் கடையில் அன்று அந்த விவரம் கோவில்பட்டி. விலை கூடிய சாமான்களை அவர் வாங்கி அடுக்கிவைப்பதில்லை. ஆள் வந்து கேட்டால் மதுரைக்குப் போன் போடுவார். அங்கே ஒருவர் பொட்டலம் கட்டிக் கண்டக்டர் கையில் கொடுத்துவிடுவார். நாலு மணிக்குத் தருவதாகச் சொல்லியிருந்த ஒரு கார்டும் இரண்டு ராம் மெமரி ஸ்டிக்கும், நாலு மணிக்குக் கோவில்பட்டியில், டிரைவர் டீ குடித்து முடிப்பதற்காகக் காத்திருந்தன.

காத்திருக்க முடியாதவர் எஸ்தர் டீச்சர். கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். ஆறரை மணிக்கு அவருக்குத் தூத்துக்குடிச் சம்பந்தியம்மாவோடு கார் ரேஸ். போன வாரம் கடைசி வளைவில் டீச்சரின் பழைய கம்ப்யூட்டர் விக்கித்து நின்றுவிட, சம்பந்தியம்மா ஜெயித்ததோடு விடவில்லை. "பாவம், வயசானா கை நடுங்கத்தானே செய்யும்" என்று டீச்சரின் மகளிடம் சொல்லியும் அனுப்பியிருந்தார். இன்று புதுக் கம்ப்யூட்டர் இல்லாமல் வீடு திரும்புவதாக டீச்சர் இல்லை.

"அண்ணாச்சி, இதே கார்டு எதிர்க்கடையில கண்ணாடிக்குள்ள இருக்கு. நான் அங்கயே வாங்கிக்கிடுதேன்" என்று எழுந்தார்.

தன் கடை நாற்காலியிலிருந்து எழுந்து எதிர்க்கடைக்குப் போன இரண்டு பேரைப் பேச்சிமுத்து இந்த மாதத்தில் பார்த்துவிட்டார். மூன்றாவதாக ஒருவரைப் பார்க்க அவருக்குத் தெம்பு இல்லை. கடையில் கையிருப்பாக இருந்தது வாய் ஒன்றுதான்.

"தாராளமாப் போங்க டீச்சர். ஆனா விவரம் தெரியாம ஒரு கார்டை எடுத்துட்டு, அந்தச் சுரண்டைக்காரர் பட்ட பாட்டைப் பட்டிராதீங்க."

"எந்தச் சுரண்டைக்காரர்?" டீச்சர் உட்கார்ந்துவிட்டார்.

"அரிசி மில் ஓனர் ஒருத்தர். 'இருக்கதுல பெருசு எதுவோ அதைக் குடும்'னாரு. கொடுத்தேன். கேபினெட்ல அடங்கல. மேசைல அடங்கல. சுவத்துல ஓட்டை போட்டு அந்தப் பக்கம் நீட்டி வச்சோம். அடுத்த கடை டெய்லர் கடை. கார்டு சூட்டுல அந்தாளு வேட்டியைப் போட்டு எடுப்பான், மடிப்பு கத்தி மாதிரி நிக்கும். இஸ்திரிப் பெட்டியை எடைக்குப் போட்டுட்டான்னா பாத்துக்கிடுங்க."

"எத்தனை வாட்?" என்றார் டீச்சருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவர் கணவர் குணசீலன். மின்வாரியத்தில் ஃபோர்மேனாக இருந்தவர். வாட் கணக்கு இல்லாத எந்தப் பேச்சையும் அவர் நம்பியதில்லை.

"அதை வாட்ல அளக்க முடியாது சார். ஆன் பண்ணினா தென்காசியில தெருவிளக்கு பூராவும் மங்கிரும்."

"தென்காசியில அப்ப நான்தானய்யா டூட்டி. மங்கியிருந்தா எனக்குல்ல போன் வந்திருக்கும்."

"உங்க போன்ல சார்ஜ் இருந்திருக்காது சார். கார்டு இழுத்திருக்கும்."

பேச்சிமுத்துவின் போன் அடித்தது. கண்டக்டர். கயத்தாறு. பேச்சிமுத்து மனதுக்குள் தூரத்தை அளந்தார். இன்னும் முப்பது கிலோமீட்டருக்குப் புளுகு வேண்டும்.

"சூடு கிடக்கட்டும். அதுல ஃபேன் இருக்கு பாருங்க, மூணு. முதல் நாள் போட்டதும் கம்ப்யூட்டர் மேசையை விட்டு ஒரு சாண் எந்திச்சிட்டு. ஓனரு பதறிப்போய் ஒரு அரிசி மூட்டையைத் தூக்கி அதுமேல வச்சாரு. மூட்டையோட எந்திச்சிட்டு. அந்தக் காத்துல மில்லுல கிடந்த நெல்லு பூரா தானாத் தூத்திக்கிட்டு, நெல்லு இங்க, பதரு ஆலங்குளத்துல."

"அது மேல்காத்தா, வாடைக்காத்தா?" என்று கேட்டார் டீச்சர். கணக்குப் போட ஒரு விவரம் குறைந்தால் அவருக்குப் பொறுக்காது.

"ரெண்டும் இல்ல டீச்சர், ஃபேன் காத்து. ஆலங்குளத்துல பதரைப் பொறுக்கினவங்க இன்னும் இருக்காங்க, கேட்டுப் பாருங்க."

"சரி, படமாவது தெரிஞ்சிச்சா?" என்றார் குணசீலன்.

"தெரிஞ்சிச்சாவா! தெரிஞ்சதுதானே சார் தொல்லை. கேம்ல ஓனரு ஒரு பங்களா கட்டுதாரு. வீட்டு வரி கேட்டு வந்த ஆளு ஜன்னல் வழியா அதைப் பாத்துட்டாரு. 'மேல மாடி எடுத்திருக்கீரே, பிளான் அப்ரூவல் எங்க?'ன்னு கேக்காரு. 'ஐயா, இது கேமு'ன்னா, 'அதைக் கோர்ட்ல வந்து சொல்லும்'ங்காரு. கடைசில அந்த மாடியைக் கேமுக்குள்ளயே இடிக்கும்படி ஆச்சு. இடிச்ச தூசில வீட்ல எல்லாருக்கும் இருமல்."

"பங்களாவுக்குக் கரண்ட் மீட்டர் யாரு பேர்ல இருந்துச்சு?"

"அதைத்தான் சார் அவங்களும் தேடினாங்க."

மறுபடியும் போன். பஸ் ஊர் எல்லைக்கு, தச்சநல்லூருக்கு, வந்துவிட்டது. முன்னால் ஒரு லாரி குறுக்கே நிற்கிறது. மணி ஐந்தேகால். டீச்சர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார், எதிர்க்கடையைப் பார்த்தார், கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டினார். கார்டைப் பற்றிச் சொல்ல இனி ஒன்றும் பாக்கியில்லை. பேச்சிமுத்து பேச்சை ராமுக்குத் திருப்பினார்.

"கார்டால வந்ததைக்கூட ஓனரு தாங்கிக்கிட்டாரு டீச்சர். ராம் நாலு ஸ்டிக் போட்டாரு பாருங்க, அதுதான் வினையாப் போச்சு."

"ஏன், நான் ரெண்டுல்ல சொல்லியிருக்கேன்?"

"ரெண்டு போட்டா, கம்ப்யூட்டருக்குள்ள நடக்கதை ஞாபகம் வச்சுக்கிடும். நாலு போட்டா, வீட்டுக்குள்ள நடக்கதையும் ஞாபகம் வச்சுக்கிடும். ஒருநாள் ஓனரு சம்சாரத்துக்கிட்ட, 'உங்க அண்ணன் வீட்டுக் கல்யாணத்துக்கு வரமாட்டேன்னு நான் எப்பச் சொன்னேன்?'னு சத்தம் போட்டிருக்காரு. கம்ப்யூட்டர் சொல்லுது: 'ஆடி மாசம் செவ்வாக்கிழமை ராத்திரி சொன்னீங்க. தோசை தின்னுக்கிட்டே சொன்னீங்க. ரெண்டாவது தோசை. சட்னியில உப்பு இல்லன்னும் சொன்னீங்க.' இதுல என்ன விசேஷம்னா, அது கம்ப்யூட்டர் வாங்குததுக்கு முந்தின ஆடி!"

"வாங்குததுக்கு முந்தி நடந்தது அதுக்கு எப்படித் தெரியும்?"

"அதான் நாலு ஸ்டிக், டீச்சர்! அன்னையிலருந்து சுரண்டைப் பொம்பளையாளுக பூரா அந்த வீட்டு வாசல்ல. டோக்கன் போட்டு உள்ள விடுதாங்க. 'நான் அப்படிச் சொல்லவே இல்லையே'ங்கிற பேச்சே இப்ப அந்த ஊர் ஆம்பளையாளுக வாயில கிடையாது."

டீச்சர் தோளிலிருந்து கைப்பையை இறக்கி மடியில் வைத்துக்கொண்டார். குணசீலன் எத்தனை வாட் என்று கேட்கவில்லை.

அந்த நேரத்தில் கண்டக்டரே பொட்டலத்தோடு வந்து சேர்ந்தார். பேச்சிமுத்து அதை வாங்கிய அழகு, பந்தயத்தில் ஜெயித்தவர் கோப்பை வாங்குகிற அழகு. கத்தரிக்கோலால் கயிற்றை வெட்டி, கார்டையும் இரண்டு ராமையும் மேசைமேல் எடுத்து வைத்தார். கார்டு கேபினெட்டுக்குள் கச்சிதமாக உட்கார்ந்தது.

டீச்சர் கேபினெட்டைக் குனிந்து பார்த்துக்கொண்டிருக்கும்போது குணசீலன் மெல்லப் பேச்சிமுத்துவின் காதருகே வந்தார்.

"அண்ணாச்சி, ராம் ஒரு ஸ்டிக் போதும்."

"என்ன சார், நான் சொல்லுதது எல்லாம் புளுகுன்னுல்ல நினைச்சிய?"

"புளுகுதான். புளுகுன்னு எனக்குத் தெரியாதாக்கும்? ஒண்ணு போதும். கார் ரேஸ்தானே."

டீச்சர் நிமிர்ந்தார். பள்ளிக்கூடத்தில் கடைசி பெஞ்சு முணுமுணுப்பைக் கேட்டுப் பழகிய காது அது.

"நாலு போடுங்க அண்ணாச்சி."

"டீச்சர், ரெண்டுதானே வந்திருக்கு. பாக்கி ரெண்டும் நாளைக்குக் காலைல முதல் பஸ்ல வந்துரும்."

"எனக்கு இன்னைக்கே வேணும்."

"ரேஸுக்கு ரெண்டே தாராளம் டீச்சர். நாலு போட்டாலும் ஒரு வித்தியாசமும் தெரியாது. நான் சொன்னதெல்லாம்..." பேச்சிமுத்து அங்கேயே நின்றுவிட்டார்.

"சொன்னதெல்லாம்?"

குணசீலன் ஆவலோடு பேச்சிமுத்துவின் முகத்தைப் பார்த்தார். பேச்சிமுத்து ஸ்க்ரூடிரைவரைப் பார்த்தார். தொழில் தெரிந்த புளுகர் எவரும் அந்த வாக்கியத்தை முடித்ததாகத் தகவல் இல்லை.

"ஒண்ணுமில்ல டீச்சர்."

"நீங்க இந்த ரெண்டை மாட்டிக்கிட்டே இருங்க, பாக்கி ரெண்டோட நான் இந்தா வந்துட்டேன்" என்றார் டீச்சர். கைப்பையை எடுத்துக்கொண்டார். வாசலில் நின்று இரண்டு பக்கமும் வண்டி வருகிறதா என்று பார்த்துவிட்டு, தெருவைத் தாண்டி எதிர்க்கடைக்குள் போனார்.