தட்டாங்குளம் தெருவில் முழங்கால் தண்ணீர்

குரு என்றால் தாடி இருக்க வேண்டும், சீடன் என்றால் வயதில் இளையவனாக இருக்க வேண்டும் என்று யாரும் அரசாணை போடவில்லை. இந்தக் கதையின் குருவுக்குப் பெயர் அங்கயற்கண்ணி. ஒரு மாநகராட்சியில் கண்மாய், வாய்க்கால், மழைநீர் எல்லாவற்றுக்கும் பொறுப்பான கண்காணிப்புப் பொறியாளர். சீடர் சவரிராஜ், அவரைவிட எட்டு வயது மூத்தவர்.

சவரிராஜ் பணிக்காலத்தில் பாதியைக் கட்டடப் பிரிவில் கழித்தவர். சமுதாயக்கூடம், பள்ளிக்கூடம், கழிப்பறை என்று கட்டினார். கட்டிய இடத்தில் அவை நின்றன. பதவி உயர்வோடு தண்ணீர்ப் பிரிவுக்கு வந்த பிறகு மனிதருக்கு இருப்புக் கொள்ளவில்லை. தண்ணீர் நின்று பதில் சொல்லும் ஜாதி இல்லையே.

அதனால் கேள்விகளை எல்லாம் அங்கயற்கண்ணியிடம் கேட்டார். டீக்கடையில் கேட்டார், ஜீப்பில் கேட்டார், போனில் கேட்டார். அந்த அம்மாளும் சலித்துக்கொள்ளவில்லை. பாதிக் கேள்விகளுக்குப் பதிலுக்குப் பதிலாக ஒரு வேலையைக் கொடுத்தார்.

அந்த ஐப்பசியில் மழை விட்டபாடில்லை. ஊருக்கு மேற்கே பெரிய கண்மாய் நிறைந்து, கரையில் ஓரிடத்தில் மண் இளக ஆரம்பித்தது. மணல் மூட்டைகளை அடுக்கினார்கள். போதவில்லை. கரை உடைந்தால் பிரசவ ஆஸ்பத்திரி வரைக்கும் தண்ணீர் புகுந்துவிடும். மதகின் ஷட்டரைத் தூக்கிவிட்டால் கரை பிழைக்கும். ஆனால் அந்தத் தண்ணீர் வாய்க்காலில் அடங்காமல் தட்டாங்குளம் தெருவுக்குள் போகும். குளத்தை மூடி வீடு கட்டிய தெரு அது. தண்ணீருக்கு இன்னும் பழைய விலாசம்தான் தெரியும்.

கரைமேல் இருந்த தகரக் கொட்டகையில் சவரிராஜ் கணக்குப் போட்டு முடித்தார்.

“சாயங்காலத்துக்குள்ள ஷட்டரைத் தூக்கியாகணும் மேடம். தெருவுல முழங்கால் அளவு நிக்கும். அதுக்கு மேல வராது.”

அங்கயற்கண்ணி கணக்கைப் பார்த்தார். “சரியா இருக்கு சார். போய்ச் சொல்லிட்டு வாங்க.”

“மைக் ஆட்டோ அனுப்பியாச்சு மேடம். தெருவையே சுத்திச் சுத்தி வருது.”

“மைக்கைத் திட்ட முடியாதே சார். திட்டுறதுக்கு அவங்களுக்கு ஒரு மூஞ்சி வேணும்ல?”

அது அந்த அம்மாள் கொண்டுவந்த வழக்கம். ஷட்டரைத் திருகப் போகிற ஆள் எவரோ, அவரே முதலில் தண்ணீர் போகப் போகிற வீடுகளுக்குப் போய் நேரில் சொல்ல வேண்டும். அதற்குப் பிறகுதான் சக்கரத்தில் கை வைக்கலாம். விதிமுறையில் அப்படி ஒன்றும் கிடையாது. கேள்விப்பட்ட கமிஷனர் ஒருவர் சிரித்தே விட்டார். அங்கயற்கண்ணியும் கூடச் சேர்ந்து சிரித்தார், வழக்கத்தை மட்டும் விடவில்லை.

சவரிராஜ் போனார். தெரு அவரை வாங்கு வாங்கென்று வாங்கியது.

“எங்க வரி மட்டும் வேணும், நாங்க வேணாமா?”

“ஆஸ்பத்திரிப் பக்கம் திருப்பிவிட வேண்டியதுதான? அங்கிட்டுப் பெரிய ஆளுங்க வீடு இருக்குன்னு பயமா?”

அவரிடம் பதில் இருந்தது. சொன்னால் எடுபடாது என்று தெரிந்தது. குடையை மடக்கி அக்குளில் வைத்துக்கொண்டு, நனைந்தபடியே ஒவ்வொரு வாசலிலும் நின்று, பள்ளிக்கூடத்துக்குப் போய்விடுங்கள் என்று மட்டும் சொன்னார். இரண்டு பாட்டு வாங்கியதும் அழுகை வந்தது. மழையில் அது யாருக்கும் தெரியவில்லை.

தெருவின் கடைசியில் ராக்கம்மாளின் மாவு மில். மிளகாய், மல்லி, கேப்பை, அரிசி என்று அந்தத் தெருவுக்கே அரைத்துக் கொடுப்பவர். கணவர் போன பிறகு அந்த ஒரு மோட்டார்தான் அவருக்குச் சோறு. அவர் திட்டவில்லை. மோட்டாரின் பெல்ட்டைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

“சார், என் தம்பி வீட்டுக்கு மாடி இருக்கு. மோட்டாரை அங்க ஏத்திரவா? நாலு ஆளு பிடிச்சாப் போதும்.”

சவரிராஜ் சுற்றிலும் பார்த்தார். தெருவில் ஆளுக்கு ஆள் தன் வீட்டுக் கட்டிலையும் பீரோவையும் தூக்கிக்கொண்டிருந்தார்கள். நாலு ஆளுக்கு எங்கே போவது? அங்கேயே கிடந்த சுண்ணாம்புக் கட்டியை எடுத்து மில் சுவரில் ஒரு கோடு போட்டார்.

“இந்தக் கோட்டுக்கு மேல தண்ணி வராதும்மா. பெஞ்சு மேல வச்சாப் போதும்.”

“நெசமாவா?”

“என் கணக்கும்மா.”

போல்ட்டைக் கழற்றி, இரண்டு பேருமாக மூச்சுப் பிடித்து மோட்டாரைப் பெஞ்சில் ஏற்றினார்கள். ராக்கம்மாள் கோட்டைப் பார்த்தார், பெஞ்சைப் பார்த்தார், கடைசியில் அவரைப் பார்த்தார்.

“உங்களை நம்பித்தான் விட்டுட்டுப் போறேன் சார்.”

சாயங்காலம் சவரிராஜே ஷட்டரின் சக்கரத்தைத் திருகினார். ஒவ்வொரு சுற்றுக்கும் தெருப் பக்கம் திரும்பிப் பார்த்தார். அங்கயற்கண்ணி பக்கத்தில் நின்று குடை பிடித்தார்.

கரை நின்றது. ஊர் அடுத்த நாள் எழுந்து மழையைத் திட்டிவிட்டு வேலைக்குப் போனது. உடையாத கரையைப் பற்றி எந்த ஊரிலும் யாரும் பேசுவதில்லை.

சவரிராஜுக்கு ஒரே குறுகுறுப்பு. கணக்குப்படி வந்திருக்கிறதா என்று கண்ணால் பார்த்தாக வேண்டும். சோற்றுப் பொட்டலம் கொண்டுபோன மாநகராட்சி டிராக்டரில் தொற்றிக்கொண்டு தெருவுக்குள் போனார். ராக்கம்மாளும் பார்க்க வந்திருந்தார். மில் கதவைத் திறந்துவிட்டு, எதிர்வீட்டுப் படியில் ஏறி நின்றிருந்தார்.

தண்ணீர் சுண்ணாம்புக் கோட்டுக்கு ஒரு விரல் கீழே நின்றது. பெஞ்சின்மேல் மோட்டார் பொட்டு ஈரமில்லாமல் உட்கார்ந்திருந்தது.

“பாத்தீங்களாம்மா! ஒரு விரல் கீழ!”

“சாமி வாக்கு மாதிரி சொன்னீங்க சார்.”

சவரிராஜுக்கு அவ்வளவு சந்தோஷம். பரீட்சையில் முதல் மார்க் வாங்கிய பையன்கூட அப்படிச் சிரித்திருக்க மாட்டான். டிரைவரைத் தட்டி, “அப்படியே வண்டியைத் திருப்புப்பா,” என்றார்.

டிராக்டர் உறுமிக்கொண்டு கிளம்பியது. அந்தப் பெரிய சக்கரங்கள் தள்ளிய தண்ணீர் அலையாக எழுந்து திறந்த கதவு வழியாக மில்லுக்குள் புகுந்தது. பின்சுவரில் மோதி உயர்ந்து, பெஞ்சின்மேல் கொட்டியது. “நிறுத்து, நிறுத்து” என்று அவர் கத்துவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அலை அடங்கியது. தண்ணீர் மறுபடி கோட்டுக்கு ஒரு விரல் கீழே போய் நல்ல பிள்ளையாக நின்றது. மோட்டாரிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது.

நிற்கும் தண்ணீரின் உயரத்தைச் சவரிராஜ் துல்லியமாகக் கணக்குப் போட்டிருந்தார். அதைப் பார்க்க வரப்போகும் தன்னைக் கணக்கில் சேர்க்கவில்லை.

ராக்கம்மாள் படியை விட்டு இறங்கி வந்து மோட்டாரைத் தொட்டுப் பார்த்தார்.

“தண்ணி உங்க பேச்சைக் கேட்டுச்சு சார். நீங்கதான் கேக்கல.”

சொல்லிவிட்டு முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதார். சவரிராஜுக்குச் செத்துவிடலாம் போல இருந்தது.

கண்மாய்க்குப் போய், நடந்ததை ஒன்றுவிடாமல் அங்கயற்கண்ணியிடம் சொன்னார்.

“எனக்கு இது சரிப்படாது மேடம். கட்டடப் பிரிவுக்கே என்னை மாத்திருங்க.”

“மோட்டார் இப்ப எங்க சார் இருக்கு?”

“அங்கதான் இருக்கு. நான் மாறுதல் கேட்டேன் மேடம்.”

“காதுல விழுந்துச்சு. மோட்டாருக்குத்தான் அவசரம். ஈரத்தோட விட்டா உள்ள இருக்கிற காயில் கெட்டுப் போயிரும், வாங்க.”

டிரைவர் ஓடிப்போய் டிராக்டரில் ஏறினார். வேண்டாம் என்று கையைக் காட்டிவிட்டு, அங்கயற்கண்ணி சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தெருத் தண்ணீரில் இறங்கினார். நீரேற்று நிலையத்து ஆட்கள் இரண்டு பேர் பின்னால் வந்தார்கள். மோட்டாரைக் கயிற்றில் கட்டி, இரும்புக் குழாயில் கோத்து, நாலு பேருமாகத் தோளில் சுமந்து நிலையத்துக்குக் கொண்டுபோனார்கள். ராக்கம்மாள் முன்னால் நடந்து வழி காட்டினார். ஒரு இடத்திலும் அலை எழவில்லை.

மழைக்காலத்தில் நீரேற்று நிலையத்தில் மோட்டார் நனைவது புதிதல்ல. இரண்டு பக்கத்து மூடியையும் கழற்றி, துடைத்து, சுற்றிலும் பெரிய குண்டு பல்புகளை எரியவிட்டு, அந்தச் சூட்டிலேயே காய வைப்பார்கள். பல்பை அவ்வப்போது நகர்த்தி வைக்க ஆள் வேண்டும். சவரிராஜ் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார். எதிரில் ராக்கம்மாளும் ஒரு மூட்டைமேல் உட்கார்ந்துகொண்டார்.

“நீங்க வீட்டுக்குப் போங்கம்மா. நான் பாத்துக்கிறேன்.”

“உங்களைத் தனியா விட்டா இன்னும் என்ன செய்வீங்களோ.”

அங்கயற்கண்ணி அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். சிரிப்பை மறைக்கத்தான்.

வெகு நேரம் கழித்து ராக்கம்மாள் கேட்டார்.

“ஷட்டரைத் திருகினது நீங்கதானா?”

“நான்தாம்மா.”

“திருகலேன்னா?”

“கரை உடைஞ்சிருக்கும். ஆஸ்பத்திரிக்குள்ள போயிருக்கும்.”

“என் மகளுக்கு அங்கதான் பிரசவமாச்சு.” ராக்கம்மாள் பல்பையே பார்த்துக்கொண்டிருந்தார். “அதுக்காக உங்களைச் சும்மா விட்ருவேன்னு நினைக்காதீங்க.”

“விடாதீங்கம்மா,” என்றார் சவரிராஜ். மனதாரத்தான் சொன்னார்.

மோட்டார் காய்ந்தது. தெருவிலும் தண்ணீர் வடிந்தது. ஈரத்துக்கான சோதனையில் மோட்டார் தேறிய பிறகு, திரும்பச் சுமந்துபோய் மில்லில் பூட்டினார்கள். சவரிராஜ் பெல்ட்டை மாட்டினார். ராக்கம்மாள் சுவிட்சைப் போடச் சொன்னபோது கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

“நீங்க போடுங்கம்மா.”

ராக்கம்மாள் போட்டார். மோட்டார் ஒரு தடவை முனகியது, பிறகு ஓடியது. தெருவே வாசலுக்கு வந்து எட்டிப் பார்த்தது. சவரிராஜ் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மிளகாய் நெடி என்று யாரோ சொன்னார்கள். மில்லில் இன்னும் மிளகாய் போடவே இல்லை.

“அடுத்த மழைக்கும் நீங்கதான் வருவீங்களா?” என்று ராக்கம்மாள் கேட்டார்.

சவரிராஜ் அங்கயற்கண்ணியைப் பார்த்தார். அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

“தெரியலம்மா. வேற ஒருத்தர் வரலாம்.”

“நீங்களே வாங்க. புது ஆளை மொதல்லேருந்து திட்ட எனக்குத் தெம்பு இல்ல.”

பொறியாளர்கள் இரண்டு பேரும் சேற்றில் வழி பார்த்துத் திரும்பி நடந்தார்கள். வாய்க்கால் பாலம் வரைக்கும் சவரிராஜ் வாய் திறக்கவில்லை. கேள்வி கேட்காமல் அவர் அவ்வளவு தூரம் நடந்தது அதுவே முதல் தடவை.

பாலத்தில் நின்றார்.

“மேடம், கணக்கு சரியாத்தான் இருந்துச்சு. கரை நின்னுச்சு. மோட்டாரும் ஓடுது. ஆனாலும் அந்தச் சக்கரத்தைத் திருகின நேரத்துலேருந்து நெஞ்சுக்குள்ள ஒண்ணு உறுத்திக்கிட்டே இருக்கு. இது எப்ப போகும்?”

“போயிருச்சுன்னா அன்னைக்கே வந்து சொல்லுங்க சார்,” என்றார் அங்கயற்கண்ணி. “கட்டடப் பிரிவுக்கு மாத்திர்றேன்.”