வரி கட்டும் மாப்பிள்ளை

வெள்ளாம்பாறையில் ஏகாம்பரம், சடையப்பன், நல்லமுத்து என்று மூன்று சிநேகிதர்கள் இருந்தார்கள். மூவருக்கும் புத்தி இல்லை என்று ஊரில் பேச்சு. அது அபாண்டம். யார் எதைச் சொன்னாலும் சொன்னபடியே செய்துவிடுவார்கள், அவ்வளவுதான்.

மூவருக்கும் செல்போனில்தான் உத்தியோகம். ஏதோ வெளிநாட்டுக் கம்பெனி படம் அனுப்பும். அதில் நாய் இருக்கிறதா என்று பார்த்துச் சொன்னால் பேங்கில் சில்லறை விழும். ‘அவசரப்படாமல் பார்க்கவும்’ என்று கம்பெனி சொல்லியிருந்ததால் ஒரு படத்துக்கு ஒரு மத்தியானம் ஆகும்.

“வால் மட்டுந்தான் தெரியுது. இதை நாய்னு சொல்லலாமா?” என்பான் சடையப்பன்.

“அவசரப்படாதே. மிச்சமும் வரட்டும்” என்பான் நல்லமுத்து.

இந்த லட்சணத்தில் ஏகாம்பரம் ரைஸ்மில் கோதண்டத்தின் மகள் திலகவதிமேல் உயிரையே வைத்திருந்தான். அவளுக்கும் இவன்மேல் ஆசைதான். காதலுக்குக் கண் இல்லை. பெண் கேட்டுப் போனபோது கோதண்டம் மீசையை நீவிக்கொண்டு, “வருமான வரி கட்டுற பையனுக்குத்தான் பொண்ணு. பங்குனி பிறந்தா தாராபுரத்துல இருந்து ஒரு வரன் பார்க்க வருது. அதுக்குள்ள கட்டிட்டு வாங்க தம்பி” என்றார்.

மூவரும் ஆடிட்டர் ரெஜினா அம்மாவிடம் ஓடினார்கள். அவர் ஏகாம்பரத்தின் கணக்கைப் பார்த்துச் சிரித்தார்.

“ஆன்லைன்ல வந்தாலும் வருமானம் வருமானந்தான் தம்பி, கணக்குக் காட்டணும். ஆனா இந்தத் தொகைக்கு வரியே வராது. சந்தோஷமாப் போங்க.”

ஏகாம்பரம் தேம்பித் தேம்பி அழுதான். வரி இல்லை என்று கேட்டு அழுத ஆளை ஆடிட்டர் அதுவரை பார்த்ததில்லை.

“அழாதீங்க. யாருக்கு என்ன வேலை செஞ்சு காசு வாங்கினாலும் அது வருமானம். அது ஏறினா வரி தன்னால வரும்” என்று சமாதானப்படுத்தினார்.

தண்ணீர்த் தொட்டியடியில் ஆலோசனை நடந்தது. மூவரிடமும் சேர்த்து இருந்தது இரண்டாயிரம் ரூபாய்.

“நீ எனக்கு வேலை செய். நான் பணம் அனுப்பறேன். அதே பணத்துக்கு நீ நல்லமுத்துகிட்ட வேலை வாங்கு. அவன் என்கிட்ட வாங்கட்டும்” என்றான் சடையப்பன்.

“சும்மா அனுப்பினா?” என்றான் ஏகாம்பரம்.

“அது மோசடி. வேலை நடக்கணும்” என்றான் நல்லமுத்து. அவன் நாணயஸ்தன்.

ஏகாம்பரம் சடையப்பனின் முதுகைச் சொறிந்தான். இரண்டாயிரம் வந்தது. நல்லமுத்து வானத்தைப் பார்த்து, “இன்னைக்கு வெயில் ஜாஸ்தி” என்று ஏகாம்பரத்துக்குக் கருத்துச் சொன்னான். பணம் அவனுக்குப் போனது. மாசி மாதம் முழுக்க அந்த இரண்டாயிரம் ராப்பகல் ஓயாமல் செக்குமாடாகச் சுற்றியது. சடையப்பனின் முதுகு புண்ணாகிவிட்டதால் பிறகு கருத்து மட்டுமே சொல்லிக்கொண்டார்கள்.

கணக்கைப் பார்த்த ரெஜினா அம்மா தலையில் கை வைத்துக்கொண்டார். “வந்ததெல்லாம் போயிருக்கே! செலவைக் கழிச்சா ஒண்ணுமே மிஞ்சாது. வரி கிடையாது.”

“கழிக்காதீங்கம்மா!” என்று ஏகாம்பரம் தடாலென்று காலில் விழுந்தான். “உங்களுக்குப் புண்ணியமாப் போகும். எதையும் கழிக்காதீங்க!”

எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். பிடித்த பிடியை அவர்கள் விடவில்லை. கடைசியில், “உங்க தலையெழுத்து” என்று கழிக்காமலே ஒரு தொகையைச் சொன்னார். அது ஏகாம்பரத்தின் வீட்டை விற்றாலும் தேறாது.

“முதல்ல இருக்கறதைக் கட்டுவோம்” என்று இரண்டாயிரத்தையும் வரியாகக் கட்டிவிட்டு, ரசீதோடு ரைஸ்மில்லுக்குப் போனார்கள். கோதண்டம் ரசீதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“பாக்கி?”

“இதே பணம் சுத்தி வரும் மாமா. வந்ததும் திருப்பிக் கட்டிடுவேன். இப்ப அனுப்ப வேண்டியது சர்க்கார் முறை” என்றான் ஏகாம்பரம்.

கோதண்டம் யோசித்தார். அவரும் வெள்ளாம்பாறைக்காரர்தான். “சர்க்காருக்கு நீங்க என்ன வேலை செஞ்சீங்க? வேலை செய்யாம எப்படி அனுப்புவான்?”

மூவருக்கும் சுருக்கென்றது. மறுநாள் நாலு பேரும் பஸ் ஏறி வரி ஆபீசுக்குப் போனார்கள். வாசலில் நின்ற காவலாளிதான் கண்ணில் பட்ட முதல் சர்க்கார்.

“இன்னைக்கு வெயில் ஜாஸ்திங்க” என்றான் ஏகாம்பரம் பணிவாக, போனைக் கையில் பிடித்தபடி.

காவலாளி நெற்றியைத் துடைத்துக்கொண்டார். “ஆமாங்க. சாயங்காலம் மழை வரும்.”

நால்வர் முகமும் வெளுத்தது. நல்லமுத்து அலறினான். “ஐயையோ, அவரும் கருத்துச் சொல்லிட்டாரு! இப்ப நாமல்ல அவருக்கு ரெண்டாயிரம் தரணும்!”

“குடையும் எடுத்துட்டு வரலையா?” என்று காவலாளி அன்பாக ஆரம்பித்தார்.

கோதண்டம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பஸ் ஸ்டாண்டைப் பார்த்து ஓட்டம் பிடித்தார்.

“காதைப் பொத்திக்கிட்டு ஓடி வாங்க, மாப்பிள்ளே!”