பரங்கிப் பிஞ்சைக் காட்டிய விரல்

பொதிகை அடிவாரத்தில் நெல் உண்டு, வாழை உண்டு. பரங்கி மட்டும் குப்பைமேட்டில் தானாகப் படர்ந்தால்தான் உண்டு. அதைப் போய் மடத்து வயலில் பயிராகப் போட்டான் நமச்சிவாயம். சீடர்களில் மூத்தவன், நாற்பது தாண்டியவன். ஊரே சிரித்தது. சிரித்தால் சிரிக்கட்டும் என்று வீம்பாக இருந்தான்.

கொடி நன்றாகத்தான் ஓடியது. பூச்சி அண்டக் கூடாதென்று, விடியலில் பூ விரிகிற நேரம் பார்த்து வேப்பெண்ணெய்க் கரைசல் அடிப்பான். தேனீ வந்தாலும் துண்டை வீசி விரட்டுவான். ஆனாலும் பிஞ்சுகள் மஞ்சளித்து மஞ்சளித்து உதிர்ந்தன.

அப்போதுதான் பவளக்கொடி மாட்டினாள். புருஷன் செத்து, போக்கிடம் இல்லாமல் மடத்து அடுப்படியில் ஒண்டியிருந்தவள். வயல் பக்கம் வந்தவள், எம்புட்டு அழகு என்று ஒரு பிஞ்சை விரல் நீட்டிக் காட்டிவிட்டாள். பிஞ்சை விரலால் சுட்டினால் வெம்பிப் போகும் என்பது அந்தப் பக்கத்து நம்பிக்கை.

நமச்சிவாயம் நேரே மடத்துத் தலைவரான சாமியிடம் போனான். தாலியறுத்தவள் விரல், விளங்காத விரல் என்று வாய்க்கு வந்ததையெல்லாம் கொட்டினான். அவளை இன்றைக்கே அனுப்பிவிட வேண்டும் என்றான். வாசலில் நின்று அவள் அழுதுகொண்டிருந்தாள். இங்கிருந்து போனால் அவளுக்குத் தெருதான்.

சாமி எழுந்து வயலுக்கு நடந்தார். கொடி கொடியாகக் குனிந்து, மிச்சமிருந்த பிஞ்சுகளை ஒவ்வொன்றாக ஆட்காட்டி விரலால் சுட்டிக்கொண்டே போனார். பின்னால் ஓடிவந்த நமச்சிவாயத்துக்கு உயிரே போய்விட்டது.

"என்ன காரியம் பண்ணுதீய சாமி?"

"ஒரு வாரம் போகட்டும். வந்து சொல்லு. அதுவரைக்கும் அவ இருக்கட்டும்."

அந்த வாரமும் அவன் வழக்கம்போல மருந்தடித்தான், தேனீயை விரட்டினான். பிறகு வந்து தலையைச் சொறிந்துகொண்டு நின்றான்.

"பிஞ்சு எப்படி இருக்கு?" என்று சாமி கேட்டார்.

"பாதிக்கு மேல உதிர்ந்துட்டு சாமி."

"எல்லாம் நான் காட்டினதுதான?"

அவன் ஆமென்று தலையை ஆட்டினான்.

சாமி மேல்துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வாசலுக்கு வந்தார்.

"அப்ப அந்தப் பிள்ளையக் கூப்பிடு. நாங்க ரெண்டு பேரும் எந்தப் பக்கம் போகணும்னு நீயே சொல்லிரு."