கீழே வைத்த பைனாகுலர்

“ஆகாயம் ரொம்பப் பெரிசு. ஆனா எல்லாருக்கும் வேணுங்கிறது ஒரே ஓடுபாதைதான்.”

விமானப் பயிற்சிப் பள்ளியைத் தொடங்கிய பெரியவர் ஓர் ஆண்டு விழா மேடையில் சொன்னது இது. தொடர்ந்து இன்னொரு வரியும் சொன்னார். கைதட்டலில் அது யார் காதிலும் விழவில்லை.

அந்தப் பள்ளியின் ஆசிரியை கேப்டன் ரெஹானா. விமானத்தில் ஏறி உட்கார்ந்தால் அவர் தலை ஓரிடத்தில் நிற்காது. இடது, நேர், வலது, மேல். பிறகு மறுபடி இடது. பேசும்போதும் அப்படித்தான், திட்டும்போதும் அப்படித்தான். மாணவர்கள் அவருக்கு டேபிள் ஃபேன் என்று பெயர் வைத்திருந்தார்கள். ஆனால் அந்த ஃபேன் பக்கத்தில் இருக்கும்வரை யாருக்கும் பயம் வந்ததில்லை.

அவரிடம் கற்க வந்தவர் அறவாழி. நாற்பத்தொரு வயது; ஆசிரியையைவிட மூத்தவர். வங்கி மேலாளர் வேலையை விட்டுவிட்டு வந்திருந்தார். வீட்டில் யாரும் அவரோடு சரியாகப் பேசுவதில்லை. அன்று நன்றாக ஓட்டினால் முதன்முறை தனியாகப் பறக்க அனுமதி. முதன்முறை தனியாகப் பறந்து இறங்கியவர் தலையில் தண்ணீர் ஊற்றுவது அங்கே வழக்கம்; அதற்காக இரண்டு மாணவர்கள் வாளியில் தண்ணீர் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

ரெஹானாவைப் பக்கத்தில் வைத்து ஒரு சுற்றுப் பறந்துவிட்டு இறங்க வந்தபோது கட்டுப்பாட்டுக் கோபுரம் அழைத்தது. உங்களுக்கு முன்னால் ஒரு விமானம் இறங்குகிறது, நீங்கள் இரண்டாவது, அதைப் பார்த்ததும் சொல்லுங்கள்.

“இன் சைட்,” என்றார் அறவாழி. பார்த்துவிட்டேன் என்று பொருள். பதிலில் ஒரு நொடி தாமதம்கூட இல்லை.

பூப்போல இறக்கினார். எஞ்சினை நிறுத்தினார். ரெஹானா இருக்கையை விட்டு எழவில்லை.

“முன்னாடி போனது என்ன கலர்?”

“வெள்ளை, மேடம்.”

“இங்க எல்லாமே வெள்ளைதான். இறக்கை ஜன்னலுக்கு மேலயா, கீழயா?”

அறவாழி கண்ணாடி வழியே வெளியே தேடினார்.

“நீங்க பார்க்கலை,” என்றார் ரெஹானா.

“அங்கதானே இருக்கும் மேடம்? டவரே சொன்னாங்க. அவங்க கேக்கும்போது இல்லைன்னு எப்படிச் சொல்றது? மேலிடத்துல கேட்டா ‘பார்த்துட்டேன் சார்’னு சொல்லியே பழகிட்டேன்.”

“பாங்க்ல ஃபைலு. அது எதிர்ல பறந்து வராது.”

“தப்புதான். ஆனா டவர்னு ஒண்ணு இருக்கே மேடம். அவங்க பார்த்துக்க மாட்டாங்களா?”

ரெஹானா பெல்ட்டைக் கழற்றினார்.

“வாங்க, போய்ப் பார்த்துட்டு வரலாம்.”

வாளிக்காரர்கள் முகம் தொங்கிப்போய் நிழலுக்கு நகர்ந்தார்கள்.

கோபுரத்தின் உச்சியில் புள்ளிகள் நகரும் பெரிய திரை ஒன்றை எதிர்பார்த்து ஏறினார் அறவாழி. அங்கே இருந்தது சுற்றிலும் கண்ணாடி, ஒரு மைக், ஒரு பைனாகுலர். கூடவே, சுகிர்தா என்ற பெண் அதிகாரி.

“ரேடார் எங்கே மேடம்?”

“அதெல்லாம் பெரிய ஊர்ல சார். இங்க நான்தான்.”

வடக்கே ஒரு விமானம் வந்துகொண்டிருந்தது. அதற்குப் பின்னால் இன்னொன்று. சுகிர்தா பைனாகுலரை எடுத்து முன்னதைப் பிடித்தார், பின்னதைப் பிடித்தார், மறுபடி முன்னது. மைக்கில் பின்னவரிடம் கேட்டார். முன்னால் போகும் விமானம் தெரிகிறதா?

“இன் சைட்,” என்றது ஒலிபெருக்கி.

சுகிர்தா பைனாகுலரை மேசையில் வைத்தார். ஓடுபாதையைக் கடக்கக் காத்திருந்த ஜீப்பின் பக்கம் திரும்பினார்.

“ஏங்க, அதை ஏன் கீழ வெச்சுட்டீங்க?” அறவாழியின் குரல் உயர்ந்துவிட்டது.

“அவர்தான் பார்த்துட்டாரே, சார்.”

அறவாழி திரும்பி ரெஹானாவைப் பார்த்தார். ரெஹானா வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

படியிறங்கும்போது அறவாழி கேட்டார். “எதுக்கும் அவங்களும் இன்னும் கொஞ்ச நேரம் பார்த்துட்டு இருக்கலாமே, மேடம்?”

“உங்களை நம்புறாங்க. அது தப்புங்கிறீங்களா?”

விமானத்தருகே வந்ததும், வலப்பக்க இருக்கையில் கிடந்த தன் ஹெட்செட்டை ரெஹானா எடுத்துக்கொண்டார். காலி இருக்கையின் பெல்ட்டை இறுக்கிக் கட்டினார்.

“போயிட்டு வாங்க.”

“தனியாவா? இன்னிக்கா? நான் பார்க்காமலே சொன்னப்புறமுமா?”

“அவங்க கீழ வெச்சதை நீங்க பார்த்தப்புறம்தான்.”

கதவைச் சாத்திவிட்டு நகர்ந்து நின்றார்.

தனியாக ஏறும் விமானம் லேசாக இருந்தது; நினைத்ததைவிடச் சீக்கிரம் தரையை விட்டது. ஒரு வட்டம் சுற்றி இறங்க வரும்போது கோபுரம் அழைத்தது. சுகிர்தாவின் குரல். நீங்கள் இரண்டாவது, முன்னால் போவதைப் பார்த்ததும் சொல்லுங்கள்.

அறவாழி பார்த்தார். வெயில் மூட்டம். நூற்பாலைப் புகை. இரண்டு பருந்துகள். இருக்கையில் எம்பிப் பார்த்தார், குனிந்து பார்த்தார். விமானம் இல்லை.

கோபுரம் மறுபடி கேட்டது. இந்த அலைவரிசையில்தான் பள்ளி முழுவதும் கேட்டுக்கொண்டிருக்கிறது என்பது அவருக்குத் தெரியும். ஓடுபாதை நேராக, அகலமாக, கைக்கெட்டுகிற தூரத்தில் இருந்தது.

ஓடுபாதைக்கு எதிர்ப்புறம், தூரத்தில் தெரிந்த மலைப்பக்கம் தலையைத் திருப்பினார். மேலே, கீழே, பின்னால் பார்த்தார். அந்தத் திசையில் எந்த விமானமும் இல்லை.

முன்னால் போவது தெரியவில்லை, வரிசையிலிருந்து விலகுகிறேன் என்று கோபுரத்திடம் சொல்லிவிட்டு, அறவாழி மலையை நோக்கித் திரும்பினார்.